தங்கூசி கட்டிய பிளேட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பல் கிளினிக்கில் இருந்து கேட்டார்கள். ஆளை மாறிக் கேட்டுவிட்டார்களோ என்று இரண்டு தரம் விசாரித்தேன். இல்லையாம், என்னைத்தானாம். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன். படிப்பில் உள்ள பிரியத்தால் அல்ல. மூன்றாம் தரமும் நான் வந்தால் தன் கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தான் வீட்டுக்குப் போகப்போவதாக வாத்தியார் சொன்னார். அவருடைய குடும்பத்தை யோசித்து நின்றுவிட்டேன்.

ஆகவே என்னிடம் பெரிய அறிவு ஒன்றும் தேட வேண்டாம். நான் விட்ட பிழைகள் நிறையக் கைவசம் இருக்கின்றன. அதில் நல்லதாய்ப் பார்த்து ஒன்றைத் தருகிறேன்.

இருபத்தாறு வருடம் இங்கே அற்றென்டனாக இருந்தேன். கூட்டினேன், கருவிகளைக் கழுவினேன், வாசலில் நின்று பேர் கூப்பிட்டேன், பல் அச்சுக்குச் சாந்து குழைத்து ஊற்றினேன். சண்டிலிப்பாயில் புகையிலைக் கன்றுக்கு மண் அணைத்த கை இது. சாந்து குழைப்பது அதற்குப் பெரிய வேலை இல்லை. கடைசி ஏழு வருடமும் எங்களுக்கு ஒரு பெண் டொக்டர் இருந்தார். நெல்லியடி ஆள். என்னைவிட இருபத்துநாலு வயது இளையவர். பேரை எழுதினால் ஏசுவார், எழுதவில்லை. நான் வேலை பழகியது அவரிடம்தான். அதற்கு முந்திய பத்தொன்பது வருடமும் சைக்கிளில் வந்து போனதுதான் நான் செய்த வேலை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காதுக்குச் சற்று முன்னால் இரண்டு விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு ஓடும். அதுதான் அலகு மூட்டு. டொக்டர் இதை எனக்குச் சொல்லித் தந்த அன்று நான் விரலைக் காதுக்குள்ளேயே விட்டுவிட்டு, "ஒண்டும் கேக்கேல்லை டொக்டர்" என்றேன். அவர் சிரிக்காமல் என் விரலைப் பிடித்து எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். அந்த மூட்டு கெட்டால் காது நோகும், தலை நோகும், பல்லில் ஒரு குறையும் இல்லாமல் பல் நோகும். சில நாள் வாய் திறக்க மறுத்துப் பூட்டிக்கொள்ளும். இரவில் பல்லைக் கடிக்கிற ஆட்களுக்கு இது கூடுதலாய் வரும். அவர்களுக்குப் படுக்கும்போது போட்டுக்கொள்ளக் கண்ணாடி மாதிரி ஒரு தகடு செய்து கொடுப்போம். டொக்டர்மார் அதை ஸ்பிளின்ட் என்பார்கள். சனம் பிளேட் என்னும். நான் சனத்தின் பக்கம்.

நான் தேய்த்து மினுக்கிய முதலாவது பிளேட்டை, கிருமி ஒன்றும் இருக்கக் கூடாதென்று கொதிதண்ணீரில் போட்டு எடுத்தேன். கிருமி செத்தது. பிளேட்டும் கூடவே போய்ச் சேர்ந்தது. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்ததை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு ஏச்சுக்குத் தயாராய் நின்றேன்.

"ஏன் அண்ணை கொதிதண்ணியிலை போட்டனீங்கள்?"

"கிருமி, டொக்டர்."

"நல்ல எண்ணம்தான். பச்சைத்தண்ணி எண்டு நான் சொல்லேல்லை. அது என்ரை பிழை."

அவ்வளவுதான். ஏச்சு வாங்கியிருந்தால் அன்று பின்னேரமே மறந்திருப்பேன். இது இன்னும் நினைவில் இருக்கிறது. ஏன் செய்தாய் என்று கேட்டு, பதில் வரும்வரைக்கும் காத்திருக்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

சூசைப்பிள்ளை அண்ணை குருநகர்க்காரர். மீன் கூறுகிறவர். விடிய வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனைக் குவியல் குவியலாய்ப் போட்டு, சுற்றிலும் வியாபாரிகளை நிறுத்தி, விலை கூவி ஏலம் விடுகிற வேலை. முப்பது வருடமாக அந்தக் கரையில் அவருடைய குரல்தான். ஆனால் இதையெல்லாம் அவர் டொக்டரிடம் சொல்லவில்லை. வாசலில் முறைக்குக் காத்திருக்கிற வாங்கில் இருந்து என்னிடம் சொன்னார். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தில் கையை வைத்தபடி இருந்தார். பக்கத்தில் மனைவி றோசக்கா.

"பல்லுப் புடுங்கவோ அண்ணை?" என்றேன்.

"ஓம் தம்பி. ரண்டு புடுங்கியாச்சு, வேறை ஒரு இடத்திலை. வேண்டாம் எண்டுதான் சொன்னவை. நானாத்தான் புடுங்கு புடுங்கு எண்டு நிண்டனான். இது மூண்டாவது."

"ரண்டு புடுங்கியும் நோ நிக்கேல்லையோ?"

"பக்கத்துப் பல்லுக்கு மாறிப் போட்டுது."

"இப்பிடியே ஒவ்வொரு பல்லாத் தாண்டிப் போய்க் கடைசியிலை என்னிலைதான் வந்து நிக்கும்" என்றார் றோசக்கா. "இரவிலை இவர் பல்லு நெருமுற சத்தத்திலை எங்கடை பூனை அடுத்த வீட்டுக்குக் குடி போட்டுது தம்பி."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"கொஞ்ச நாளா மருமோன்தான் கூறுறான். நான் பக்கத்திலை நிண்டு பறி தூக்கிக் குடுக்கிறன். மீன் பறி தூக்க அந்தக் கரையிலை இருவது பேர் இருக்கிறாங்கள். நேற்று ஒருத்தன் கேக்கிறான், அண்ணை இனி ஓய்வோ எண்டு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு நோவது பல் அல்ல என்று எட்டாம் வகுப்புக்காரனுக்கே விளங்கியது.

உள்ளே போனார்கள். டொக்டர் பார்த்தார். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகவில்லை. மூடும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்றது. மூலையில் தட்டோடு நின்ற எனக்கே கேட்டது. பல்லில் குறை இல்லை, மூட்டில்தான் குறை, பல்லைப் பிடுங்கிப் பிரயோசனம் இல்லை என்று டொக்டர் படத்தைக் காட்டி வடிவாகச் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர், "ஓம் டொக்டர்" என்றார்.

"மெல்லிய சாப்பாடாச் சாப்பிடுங்கோ ஐயா. நண்டுக்கால் கடிக்கக் கூடாது."

"ஓம் டொக்டர்."

"என்ன தொழில்?"

"கடல் தொழில் டொக்டர்."

"அப்ப வலை இழுக்கேக்கை பல்லை இறுக்கிக் கடிக்காதேங்கோ."

"ஓம் டொக்டர்."

முப்பது வருடமாய் வலையைத் தொடாத மனிதர். எனக்குத் தெரியும். தட்டைப் பிடித்தபடி நின்றேன். அற்றென்டனுக்கு ஏன் அந்த வேலை என்று நினைத்தேன். இந்தக் கதையில் அது என் முதலாவது பிழை. மொத்தம் எட்டு ஓம் சொன்னார், எண்ணினேன். எங்கள் பக்கத்தில் டொக்டருக்கு ஓம் சொல்வது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. மரியாதைக்குச் செய்வது. விளங்கியது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்த கிழமை பிளேட் கொடுத்தோம். டொக்டர் போட்டுப் பார்த்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, படுக்கும்போது போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பவும் ஓம், ஓம். பிளேட் பெட்டியோடு வாசலுக்கு வந்தவர், என் பக்கத்தில் நின்று குரலைக் குறைத்தார்.

"தம்பி, நித்திரையிலை இது தொண்டைக்குள்ளை போகாதோ?"

பாருங்கள், அதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி. உள்ளே கேட்காமல் கொண்டு வந்து என்னிடம் கேட்கிறார். அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? "இருங்கோ அண்ணை, டொக்டரைக் கேப்பம்" என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் என்ன செய்தேன்? வாங்கில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரைக் கண்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"போனால் என்ன அண்ணை? ஒரு தூண்டிலைப் போட்டு இழுத்து எடுப்பம். உங்களுக்குத் தெரியாத தொழிலோ?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. அவரும் இரண்டு விரல் வாயால் சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பகிடியை நினைத்து நினைத்து வீடு போய்ச் சேரும் மட்டும் சந்தோஷமாய்ச் சைக்கிள் மிதித்தேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாய் ஒன்றரை விரல்தான் திறந்தது. டொக்டரிடம் அவர் முதன்முதலாய்ச் சொன்ன நீளமான பேச்சு இதுதான்:

"புடுங்கி விடுங்கோ டொக்டர். உங்கடை பிளேட்டாலை இருந்ததும் போச்சு. இஞ்சை ஏலாதெண்டால் நாளைக்கு வேறை இடத்திலை புடுங்குவன். எனக்கு வாய் திறந்தால் காணும்."

நல்ல பல். மூன்றாவது நல்ல பல். அதைப் பிடுங்கினாலும் வாய் திறக்காது, பிறகு நாலாவதையும் பிடுங்கச் சொல்லுவார். மருமகன் கூறிக்கொண்டே இருப்பான். இவர் பறி தூக்கிக்கொண்டே இருப்பார்.

"பிளேட்டைப் போட்டனீங்களோ ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் டொக்டர்."

டொக்டர் பெட்டியைத் திறந்து பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்க மூலையில் ஒரு ஓட்டை. சின்னதாய், வட்டமாய், ஓரம் உருகின மாதிரி.

"இது என்ன ஓட்டை ஐயா?"

அவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு முகட்டைப் பார்த்தார்.

"எலி கடிச்சிருக்கும் டொக்டர்."

"வட்டமாக் கடிக்கிற எலியோ?"

"எங்கடை பக்கத்து எலியள் அப்பிடித்தான்."

அப்போதுதான் அவருடைய கழுத்தைக் கண்டேன். சட்டைக்குள் கறுத்தக் கயிற்றில் உத்தரியம் போட்டிருந்தார். கோயிலில் மந்திரித்துக் கழுத்தில் போடுகிற அந்தச் சின்னத் துணிப்படம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கயிற்றில் ஒரு துண்டுத் தங்கூசி முடிந்திருந்தது. தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூல். யன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று மினுங்கியது.

தூண்டில் போட்டு இழுப்போம் என்று நான் சொன்னதை அவர் பகிடி என்று எடுக்கவில்லை. விழுங்குவதற்கு இடம் இருக்கிறது, கிளினிக்காரனே சொல்லிவிட்டான் என்று எடுத்திருக்கிறார். கிளினிக்காரன் வந்து இழுக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தானே நூல் கட்டியிருக்கிறார்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துவிட்டார். காட்டிக் கொடுக்க மாட்டார் என்று விளங்கியது. வாங்கில் அரை மணித்தியாலம் பழகிய ஒருத்தனின் வேலையைக் காப்பாற்ற, இல்லாத எலியைத் தன் வீட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். அப்படியான ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

டொக்டர் பிளேட்டைக் கீழே வைத்தார்.

"நான் விளங்கச் சொல்லேல்லைப் போலை ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வாசல் எனக்கு இரண்டு அடி தூரத்தில் இருந்தது. ஓடியிருக்கலாம். அந்த மன்னிப்பு மட்டும் அவர் வாயில் இருந்து வராமல் இருந்திருந்தால் ஓடித்தான் இருப்பேன். கொதிதண்ணீர்ப் பிழையையும் தன்னுடையது என்றவர், இதையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்.

"டொக்டர்" என்றேன். குரல் எலிக்குரலாய்த்தான் வந்தது. "அந்த எலி நான்தான்."

முழுவதையும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூசைப்பிள்ளை அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"இனி முழுக்கச் சொல்லுங்கோவன்" என்று றோசக்கா கணவரை இடித்தார். அவர் வாய் திறக்காதபடியால் தானே சொன்னார். "ஊசியைச் சூடாக்கிக் குத்தி, தங்கூசியைக் கட்டி, மற்ற நுனியை உத்தரியத்திலை முடிஞ்சுபோட்டுத்தான் டொக்டர் படுக்கிறவர். வள்ளத்துக்கு நங்கூரம் போட்ட மாதிரி. திரும்பிப் படுத்தால் கழுத்தை வெட்டுது எண்டு ரண்டு கிழமையா மல்லாக்கத்தான் படுக்கை."

"முடிச்சு எந்தப் பக்கம் ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"பல்லுப் படுற பக்கம்."

"என்ன முடிச்சு?"

அவர் நிமிர்ந்தார். அந்த அறைக்குள் வந்து முதன்முதலாய் நிமிர்ந்தார்.

"கழராத முடிச்சு டொக்டர். சுறா இழுத்தாலும் கழராது."

அதுதான் நடந்தது. இரு பக்கமும் சமனாய்ப் பாரம் தாங்க வேண்டிய பிளேட்டில், ஒரு பக்கத்தில் மட்டும் சுறாவுக்கும் மசியாத முடிச்சு. இரண்டு கிழமையாய் இரவிரவாய் அதைக் கடித்திருக்கிறார். கன்னம் வீங்காமல் என்ன செய்யும்?

பிறகு டொக்டர் செய்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகமூடியைக் கழற்றினார். தன் கதிரையை இழுத்து, அவருடைய கண்ணுக்குக் கீழே தன் கண் வருகிற மாதிரி உயரத்தைக் குறைத்து இருந்தார். வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என்னிடம் பிளேட்டை நீட்டினார். நான் போய் ஓட்டையை அடைத்து, தேய்த்து, பச்சைத்தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்தேன். டொக்டர் அவருடைய வாயில் அதை மெல்லப் பொருத்தினார்.

"விழுங்க மாட்டியள் எண்டு நான் சொல்லப் போறேல்லை ஐயா. நீங்களே பாருங்கோ. நாக்காலை தள்ளிக் கழட்டுங்கோ பாப்பம்."

அவர் தள்ளினார். முகம் பல கோலம் போட்டது. கழரவில்லை.

"இருமுங்கோ."

இருமினார். கழரவில்லை.

"தலையைக் கீழை போட்டு ஆட்டுங்கோ."

ஆட்டினார். றோசக்கா பயந்துவிட்டார். "இஞ்சேருங்கோ, தலையைக் கழட்டிப்போடாதேங்கோ."

"இப்பக் கையாலை கழட்டுங்கோ."

இரண்டு பெருவிரலும் கொடுத்து இழுத்துத்தான் கழற்றினார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இறுக்கம்தான்" என்றார்.

அது ஓம் டொக்டர் அல்ல. முடிச்சு போடத் தெரிந்த மனிதர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல்.

எலி ஆன பிறகு எனக்கு என்ன வெட்கம்? மிச்சத்தையும் சொன்னேன். "டொக்டர், அவர் வலை இழுக்கிறேல்லை. மீன் கூறுறவர்."

நெல்லியடி டொக்டர் மீனைச் சட்டியில் மட்டும் கண்டவர். "கூறுறதெண்டால்?"

"விடிய ரண்டு மணித்தியாலம் நிண்டு கத்துறது."

"ஒருக்கா மெல்லமாக் கூறிக் காட்டுங்கோ ஐயா."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, பாதி வாயால், இல்லாத விளைமீன் குவியல் ஒன்றைக் கூறினார். ஒவ்வொரு விலைக்கும் இடையில் பல்லை இறுக்கிக் கடித்து அலகை இடப்பக்கம் தள்ளினார். டொக்டர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு கிழமைக்கு" என்று தொடங்கினார். கத்தக் கூடாது என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். இடையில் நின்றார். வேறு ஒன்றைக் கேட்டார்.

"ஆறு கிழமைக்கு நீங்கள் கத்தாமல் இருந்தால், ஐயா, அங்கை என்ன நடக்கும்?"

அவர் கழுத்து உத்தரியத்தை விரலால் உருட்டினார். டொக்டர் காத்திருந்தார். ஏதாவது சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டிருந்தேன்.

"கரையிலை குரல்தான் டொக்டர் ஆள்" என்றார். "ஆறு கிழமை ஒருத்தன்ரை குரலைக் கேட்டால் சனத்துக்கு அது பழகிப் போடும். பேந்து நான் வாயைத் திறந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்காங்கள்."

"மருமோன் நல்லாக் கூறுவாரோ?"

"கத்துவான். கண் காணாது. எந்த வியாபாரி மூக்கைச் சொறிஞ்சால் இன்னும் ஏறுவான், எவன் வெத்திலையைத் துப்பினால் விட்டிட்டான் எண்டு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப அவர் கத்தட்டும். நீங்கள் அவரின்ரை தோளிலை கையை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஏற்றுற நேரம் ஒரு தட்டு, முடிக்கிற நேரம் ரண்டு தட்டு. கத்துறது அவர். கூறுறது நீங்கள்."

அவர் டொக்டரைப் பார்த்தார், றோசக்காவைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அப்பிடிச் செய்யலாம்" என்றார்.

டொக்டர் எழும்பும்போது இன்னும் ஒன்று சொன்னார். நான் அது தேவையில்லை என்று நினைத்தேன். "நோவும் பூட்டும் குறையும் எண்டு நினைக்கிறன் ஐயா. அந்த டக் சத்தம் சிலவேளை போகாது. நோவில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பிடாதேங்கோ." சுகமாகும் என்று சொல்லி அனுப்ப வேண்டிய இடத்தில் ஏன் இந்தக் கதை என்று எனக்குள் புறுபுறுத்தேன்.

"இப்ப நான் சொன்னதை உங்கடை கதையிலை எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் யோசித்தார். "வள்ளத்தைக் கரைக்கு இழுக்கேக்கை அடியிலை கட்டை போடுவம். இல்லாட்டி அடி தேயும். நான் இரவிலை என்ரை அறிவில்லாமல் வள்ளம் இழுக்கிறன். இது கட்டை. நான் கட்டையிலை முடிச்சைப் போட்டன், வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு."

டொக்டர் அதைத் துண்டுத்தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர், மீன் கூறுகிறவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். அதன் பிறகு எத்தனையோ பேருக்கு அந்தக் கட்டைக் கதையைத்தான் சொன்னார். ஒவ்வொரு தரமும், "இது நான் சொன்னதில்லை, குருநகர் ஐயா ஒருவர் சொன்னது" என்று சேர்த்துக்கொள்வார்.

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். இப்போது வரும் என்று நின்றேன்.

"அண்ணை, அந்தக் கேள்வியை அவர் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"வெக்கம் டொக்டர்."

"உங்களட்டை ஏன் கேட்டவர்?"

"என்னைப் பாத்தால் ஒருத்தருக்கும் வெக்கம் வராது டொக்டர்."

"அப்ப நாளையிலையிருந்து அதுதான் உங்கடை வேலை" என்றார். "பகிடி விடுறதெண்டால் விடுங்கோ. ஆனா முதல் பதிலைச் சொல்லிப்போட்டு விடுங்கோ. பதில் தெரியாட்டி என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மற்ற நாளில் இருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்தேன். "ஐயா, எனக்கு மண்டை கொஞ்சம் குறைவு. டொக்டர் உள்ளுக்கை என்ன சொன்னவ? எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ" என்பேன். மடையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க மனிதருக்கு எவ்வளவு ஆசை என்று நீங்கள் பார்க்க வேண்டும். இருந்து, கையைக் காட்டி, படம் கீறிச் சொல்வார்கள். இடையில் எங்கேயாவது தடக்கினால், "எனக்கும் அதுதான் விளங்கேல்லை, வாங்கோ கேப்பம்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். அவர்களுக்கு வெட்கம் இல்லை, எல்லாம் என் தலையில். என் தலையில் அதற்கு நிறைய இடம் இருந்தது.

உங்களில் கனபேர் என்னைவிடப் படித்தவர்கள். உங்களைப் பார்த்து ஓம் சொல்லுவார்கள். கவனமாய் இருங்கள். மனதில் இருக்கிற கேள்வி, வெளியே போகச் செருப்புப் போடுகிற இடத்தில்தான் வாய்க்கு வரும். அங்கே யாராவது ஒருத்தர் நிற்க வேண்டும். அங்கே கேட்டது உள்ளே போக வேண்டும்.

சூசைப்பிள்ளை அண்ணை ஆறு கிழமையில் நாலு தரம் வந்தார். பிளேட்டில் புது ஓட்டை இல்லை. பூனை திரும்பி வந்துவிட்டதாக றோசக்கா அறிவித்தார். கரையில் தோளில் தட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் கிழமை நாலு பேர் பகிடி பண்ணினார்களாம். இரண்டாம் கிழமை வியாபாரிகள் மருமகனின் வாயை விட்டுவிட்டு இவருடைய கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். ஆறாம் கிழமை டொக்டர், "முதல் குவியலை மட்டும் நீங்களே கூறிப் பாருங்கோ" என்று விட்டுக் கொடுத்தார்.

அன்று கூறிவிட்டு நேரே பஸ் ஏறி வந்தார். வாங்கு நிரம்பிய சனம்.

"எப்பிடி அண்ணை?" என்றேன்.

அவர் கிட்ட வந்தார். என் தோளைப் பிடித்து நடுக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாங்கோ வாங்கோ! சண்டிலிப்பாய்ச் சரக்கு! எட்டாம் வகுப்பு ரண்டு தரம் படிச்சது! செவுளைப் பாருங்கோ, கொஞ்சம் வெளிறல்தான், ஆனா இன்னும் மணக்கத் தொடங்கேல்லை!"

அந்தக் குரலை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐஞ்சு ரூவா!" என்றார் வாங்கில் இருந்த ஒரு ஐயா.

"ஐஞ்சு ரூவாய்க்கு இவரின்ரை வாய் மட்டும்தான் வரும் ஐயா!"

"வாய் எங்களுக்கு வேண்டாம், மிச்சம் என்ன விலை?" என்றார் றோசக்கா.

சிரிப்புச் சத்தத்தில் அறைக் கதவு திறந்தது. டொக்டர் நின்றார், கையில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கிற அடிமட்டக் கோல். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். டொக்டர் அடிமட்டத்தை மேலே தூக்கினார்.

"பத்து" என்றார்.

"டொக்டர் பத்து! பத்து ரூவா ஒருதரம்! பத்து ரூவா ரண்டாந்தரம்! பத்து ரூவா மூண்டா..."

"அப்பிடியே நில்லுங்கோ! மூட வேண்டாம்!"

டொக்டர் ஓடிவந்து அடிமட்டத்தை அவருடைய பல்லுக்கு நடுவில் பிடித்தார். மூன்று விரல் தாராளமாய்ப் போகும். டொக்டர் அளவை இரண்டு தரம் பார்த்தார். அடிமட்டத்தை எடுத்தார்.

"இனி மூடுங்கோ ஐயா. மெல்ல."

மூடினார்.

டக்.

கூடம் முழுக்கக் கேட்டது. றோசக்காவின் கை வாய்க்குப் போனது. டொக்டர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூசைப்பிள்ளை அண்ணை இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்தார். திறந்தார். மூடினார். இன்னொரு தரம் திறந்து மூடினார்.

"நோகேல்லை" என்றார். "இது வரும் எண்டு முதலே சொன்னனீங்கள்தானே டொக்டர்."

பிறகு வாங்குப் பக்கம் திரும்பி, மார்பை நிமிர்த்தி, விட்ட இடத்தில் இருந்து பிடித்தார்.

"...ந்தரம்!"

பத்து ரூபாய்க்கு விலைப்பட்டுப் போனேன். வாயும் சேர்த்து.